வேகமான சிக்னலும் பழைய சி.ஆர்.ஓ.வும்

ஒரு 74ஏசி வகை லாஜிக் சிப்பின் அவுட்புட்டில் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைக் கல்லூரி லேபில் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வில் (கேத்தோடு ரே ஆஸிலோஸ்கோப், அதாவது சிக்னலின் வடிவத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) பார்க்கிறோம். அலையின் விளிம்பு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது. கீழிருந்து மேலே ஏற 17, 18 நானோ நொடி ஆவதாகத் தெரிகிறது. அதே சிக்னலை 1970களில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 475 என்ற 200 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாற்றினால், அதே விளிம்பு 2.3 நானோ நொடியில் ஏறிவிடுகிறது. சிப் மாறவில்லை, சப்ளை மாறவில்லை. உண்மையில் அந்த விளிம்பு ஏறுவது சுமார் 1.5 நானோ நொடியில். ஆக இரண்டு கருவியும் பொய்தான் சொல்கின்றன. ஒன்று பெரிய பொய், இன்னொன்று சின்னப் பொய்.

எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் பழைய அனலாக் கருவியை வைத்துக்கொண்டே நிறைய வேலை பார்க்கலாம். அந்தக் கணக்கு கடினமானதல்ல. ஆனால் கணக்குக்குள் வராத ஒரு பொய் இருக்கிறது. அது கருவியில் இல்லை, அதற்கு வெளியே, நாம் மாட்டும் கம்பியில் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முதலில் ‘வேகமான சிக்னல்’ என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நொடிக்கு எத்தனை முறை அலை வருகிறது என்பதல்ல விஷயம். மேலே சொன்ன சிக்னல் வெறும் 1 மெகாஹெர்ட்ஸ்தான். 20 மெகாஹெர்ட்ஸ் கருவி அதற்கு தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நொடிக்கு ஒரே ஒரு முறை மாறும் சிக்னல்கூட, அந்த மாற்றம் 1 நானோ நொடியில் நடந்தால், வேகமான சிக்னல்தான். விளிம்பு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உயரத்தில் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்தை ரைஸ் டைம் என்கிறோம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு அளவைச் சுற்றித்தான் வரும்.

கோடு எப்படி விழுகிறது

கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897இல் உருவாக்கிய குழாய்தான் இந்தக் கருவிகளின் மூலம். குழாயின் பின்பக்கம் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. பல ஆயிரம் வோல்ட் அவற்றை முன்னால் இழுக்கிறது. வழியில் இரண்டு ஜோடித் தகடுகள் இருக்கின்றன. ஒரு ஜோடி கற்றையை மேலும் கீழும் வளைக்கும். நம் சிக்னல், ஆம்ப்ளிஃபயரில் பெரிதாகி, இந்தத் தகடுகளுக்குத்தான் போகிறது. இன்னொரு ஜோடி கற்றையை இடமிருந்து வலமாக ஒரே சீரான வேகத்தில் இழுத்துச் செல்லும், இதுதான் ஸ்வீப். கற்றை படும் இடத்தில் திரையின் பாஸ்பர் பூச்சு ஒளிர்கிறது. அவ்வளவுதான் கருவி. இடையில் கணினி இல்லை, நினைவகம் இல்லை. சிக்னல் வரும் அதே கணத்தில் கோடு விழுகிறது.

ஸ்வீப் எப்போது தொடங்க வேண்டும் என்பது பெரிய கேள்வி. ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தில் தொடங்கினால்தான் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து படம் அசையாமல் நிற்கும். ஆரம்பகாலக் கருவிகளில் ஸ்வீப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாம் குமிழைத் திருகித் திருகி அதைச் சிக்னலோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 1946இல் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் சேர்ந்து டெக்ட்ரானிக்ஸைத் தொடங்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய 511 என்ற கருவியில், சிக்னல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டும்போது மட்டும் ஸ்வீப் கிளம்பும் ட்ரிக்கர் முறை இருந்தது. 10 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பெரிய தாவல். நேர அளவும் மின்னழுத்த அளவும் நம்பத்தக்கபடி குறிக்கப்பட்டிருந்ததால், வடிவம் பார்க்கும் பொருளாக இருந்தது அளவெடுக்கும் கருவியாக மாறியது.

ட்ரிக்கரில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விளிம்பு வந்த பிறகுதான் ஸ்வீப் கிளம்பும். கிளம்பவும் அதற்குச் சில பத்து நானோ நொடி ஆகும். அதற்குள் நாம் பார்க்க விரும்பிய விளிம்பு கடந்து போயிருக்கும். இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ட்ரிக்கருக்கு உடனே அனுப்பிவிட்டு, மறு பங்கைச் சுருட்டி வைத்த நீளமான கேபிளில் ஓடவிட்டுத் தாமதமாகத் தகடுகளுக்குக் கொண்டுபோவது. இதற்கு டிலே லைன் என்று பெயர். 475 போன்ற கருவிகளைத் திறந்தால் இந்தக் கேபிள் சுருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலிவான பல 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.க்களில் இது கிடையாது. அதனால்தான் அவற்றில் ஸ்வீப்பை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அலையின் முதல் விளிம்பு திரைக்கு இடப்பக்கம் எங்கோ தொலைந்துவிடுகிறது. பழைய கருவி வாங்கும்போது மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்க்காமல் இது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

0.35 என்ற எண்

கருவியின் முகப்பில் எழுதியிருக்கும் மெகாஹெர்ட்ஸ்தான் பேண்ட்வித். ‘100 மெகாஹெர்ட்ஸ் வரை சரியாகக் காட்டும்’ என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். அது தவறு. 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளே விட்டால், அதன் உண்மையான உயரத்தில் 70.7 சதவீதம்தான் திரையில் தெரியும் என்பதே அந்த எண்ணின் பொருள். முப்பது சதவீதம் பிழை! உயரத்தை 3 சதவீதப் பிழைக்குள் அளக்க வேண்டுமானால், எழுதியிருக்கும் எண்ணில் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி, உயரம் அளப்பதற்கு 25 மெகாஹெர்ட்ஸ் கருவிதான்.

பேண்ட்வித்துக்கும் ரைஸ் டைமுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 0.35ஐப் பேண்ட்வித்தால் வகுத்தால் கருவியின் சொந்த ரைஸ் டைம் கிடைத்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோ நொடி, 200க்கு 1.75; 350க்கு 1. இந்த 0.35 எங்கிருந்து வந்தது? ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த எளிய சர்க்யூட்டில், 10இலிருந்து 90 சதவீதம் வரை ஏற ஆகும் நேரம், அவற்றின் பெருக்குத்தொகையைப் போல 2.2 மடங்கு. அதே சர்க்யூட்டின் பேண்ட்வித், 1ஐ அந்தப் பெருக்குத்தொகையாலும் 6.28ஆலும் வகுத்தால் வருவது. இரண்டையும் பெருக்கினால் 2.2 ÷ 6.28, அதாவது 0.35. பழைய அனலாக் கருவிகளின் ஆம்ப்ளிஃபயர்கள் உயர் அதிர்வெண்களில் மெதுவாக, வழுக்கிக்கொண்டு இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதனால் அவற்றுக்கு இந்த எண் நன்றாகவே பொருந்தும். செங்குத்தாக வெட்டி இறக்கும் நவீன டிஜிட்டல் கருவிகள் சிலவற்றுக்கு 0.4, 0.45 என்று கொள்ள வேண்டியிருக்கும்.

சரி, சிக்னலின் ரைஸ் டைமும் கருவியின் ரைஸ் டைமும் சேர்ந்தால் திரையில் என்ன தெரியும்? இரண்டையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் சிப்பின் 1.5 நானோ நொடியையும் 475இன் 1.75ஐயும் இப்படிச் சேர்த்தால் 2.3 வரும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவியின் சொந்த ரைஸ் டைம் 17.5, அதோடு 1.5 சேர்ந்தால் 17.6 தான். அந்தக் கருவியில் நாம் பார்த்தது சிக்னலை அல்ல, கருவியைத்தான்.

இதையே திருப்பிப் போட்டால் உண்மையான மதிப்பைக் கண்டுபிடிக்கலாம். திரையில் 2.3 தெரிகிறது, கருவியுடையது 1.75 என்று தெரியும். வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுத்தால் 1.5 கிடைக்கும். அழகான வித்தைதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. திரையில் 1.8 தெரிந்தால் கணக்குப்படி சிக்னல் 0.42 நானோ நொடி. இப்போது கோட்டின் தடிமனால் படிப்பதில் வெறும் 2 சதவீதம் தவறினால் போதும், விடை 0.22க்கும் 0.56க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். கருவியின் சொந்த ரைஸ் டைமைவிடச் சிக்னல் பல மடங்கு வேகமாக இருக்கும்போது இந்தக் கழித்தலை நம்புவதில் பொருளில்லை. ‘அரை நானோ நொடிக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு’ என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டுவது ஏன் அவ்வளவு கஷ்டம்

இந்தப் பகுதி அளவெடுக்கத் தேவையில்லாதது. அவசரமுள்ளவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பழைய கருவிகளின் மேல் மரியாதை வருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வேகமான ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குழாய் முரண்டு பிடிக்கும். தகடுகளின் இடையே போகும் எலெக்ட்ரான்களை 3,000 வோல்ட் முடுக்கியிருந்தால், அவற்றின் வேகம் நானோ நொடிக்குச் சுமார் 3.2 சென்டிமீட்டர். தகடு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதைக் கடக்க ஒரு நானோ நொடி ஆகும். சிக்னல் 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த ஒரு நானோ நொடிக்குள் அது ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். முதல் பாதியில் எலெக்ட்ரானை மேலே தள்ளும், அடுத்த பாதியில் அதே அளவு கீழே தள்ளும். நிகர விலகல் பூஜ்யம். திரையில் தட்டையான கோடு. பாதி அதிர்வெண்ணிலேயே, அதாவது 500 மெகாஹெர்ட்ஸில், உயரம் 64 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

தகட்டைச் சிறியதாக்கலாமே என்று தோன்றும். ஆக்கினால் விலகல் குறையும். அதை ஈடுகட்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டைத் தரும் ஆம்ப்ளிஃபயர் மெதுவாகிவிடும். இதற்குக் கண்ட வழி, ஒரு நீளமான தகட்டைப் பல சிறு துண்டுகளாக்கி, அல்லது சுருள் வடிவக் கம்பியாக்கி, சிக்னலும் அதன் வழியே எலெக்ட்ரானோடு சம வேகத்தில் நகரும்படி செய்வது. எலெக்ட்ரான் நகர நகர, அதை முதலில் தள்ளிய அதே சிக்னல் பகுதி கூடவே வந்து தள்ளிக்கொண்டே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 519 இப்படித்தான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதில் செங்குத்து ஆம்ப்ளிஃபயரே கிடையாது. சிக்னல் 125 ஓம் பாதை ஒன்றின் வழியாக நேரே குழாய்க்குப் போகும். அதனால் ஒரு சென்டிமீட்டர் விலகலுக்குக் கிட்டத்தட்ட 10 வோல்ட் தேவைப்படும். மில்லிவோல்ட் சிக்னல்காரர்களுக்கு அது உதவாது.

பத்து வோல்ட் சிக்னலை யார் வைத்திருந்தார்கள்? அணு ஆயுத ஆய்வகங்கள் வைத்திருந்தன. குண்டு ஒரு முறைதான் வெடிக்கும். கோடு ஒரே ஒரு முறைதான் திரையில் ஓடும். அதைக் கேமரா பிடித்தே ஆக வேண்டும். இங்கே அடுத்த சிக்கல் வருகிறது: வெளிச்சம். 475இல் ஒரு விளிம்பைத் திரையில் 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்தால், புள்ளி நானோ நொடிக்கு ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே ஓடுகிறது. நொடிக்கு 27,000 கிலோமீட்டர். அவ்வளவு வேகத்தில் ஓடும் கற்றை எந்தவொரு இடத்திலும் போதிய எலெக்ட்ரான்களைக் கொட்ட முடியாது. நொடிக்கு லட்சம் முறை அதே கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரே முறை என்றால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் திரைமுன் ஒரு கருப்புக் கூண்டும் போலராய்டு கேமராவும் மாட்டியிருப்பார்கள்.

இந்தப் பிரச்சினைக்கு வந்த கடைசிப் பெரிய பதில் 1970களின் இறுதியில் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 7104. திரைக்குச் சற்று முன்னால் லட்சக்கணக்கான மெல்லிய துளைகள் கொண்ட கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்தார்கள். ஓர் எலெக்ட்ரான் துளைச் சுவரில் மோதும்போது பல எலெக்ட்ரான்களைக் கிளப்பும். அவை மறுபடி மோதிப் பெருகும். மறுபக்கம் ஒரு கூட்டமாக வெளியே வந்து பாஸ்பரில் விழும். 1 கிகாஹெர்ட்ஸ் கருவி. நானோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே ஒரு முறை ஓடிய கோடு, சாதாரண அறை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. அது ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. திரையில் ஓடுவது ஒரு பொருளல்ல, வெவ்வேறு எலெக்ட்ரான்கள் வந்து விழும் இடம்தான்; ஆகவே இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு நிமிடம் யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

பொய் சொல்லும் கம்பி

இப்போது நம் மேஜைக்கு வருவோம். 475 இருக்கிறது, சிப் இருக்கிறது, சிக்னலைத் தொட்டு எடுத்துக் கருவிக்குக் கொண்டுவரும் ப்ரோப் இருக்கிறது. ப்ரோபின் முனையை அவுட்புட் காலில் வைத்து, அதிலிருந்து தொங்கும் பதினைந்து சென்டிமீட்டர் கருப்புக் கம்பியின் கிளிப்பைப் போர்டில் எங்கோ இருக்கும் கிரவுண்டில் கடிக்க விடுகிறோம். எல்லாரும் செய்வதுதான். திரையில் விளிம்பு ஏறியவுடன் மேலே குதித்து, சில முறை ஆடி, அப்புறம் அடங்குகிறது. ‘ஐயோ, என் சர்க்யூட்டில் இவ்வளவு ரிங்கிங்கா’ என்று கெப்பாசிட்டர்களை மாற்றத் தொடங்குகிறார்கள்.

கம்பியின் இன்டக்டன்ஸ், தோராயமாக, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்ரி. பதினைந்து சென்டிமீட்டருக்கு 150 நானோஹென்ரி. ப்ரோப் முனையின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 10 பிகோஃபாரட். இவை இரண்டும் சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸில் ஆடும் ஒரு ட்யூன்டு சர்க்யூட். ரைஸ் டைம் மெதுவாக இருந்தால் அதை யாரும் தட்டி எழுப்பவில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது ஆடினாலும் தெரியாது. 1.5 நானோ நொடி விளிம்பும் 200 மெகாஹெர்ட்ஸ் கருவியும் சேரும்போது அது முழுசாகத் திரையில் வந்து நிற்கும். நல்ல கருவி வாங்கிய பிறகுதான் சிக்னல் ‘கெட்டுப்போகிறது’.

சோதித்துப் பார்ப்பது எளிது. ப்ரோபின் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் போர்டில் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வையுங்கள். திரையில் தட்டையான கோடு வர வேண்டும். அப்போதும் குதித்தால், அது உங்கள் கம்பி வளையம் காற்றிலிருந்து பிடித்த சிக்னல். சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் இதைச் செய்யுங்கள். மற்றொன்று, கையை அந்தக் கருப்புக் கம்பியின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது கம்பியைச் சுருட்டிப் பாருங்கள். ஆட்டத்தின் வடிவம் மாறினால் அது சர்க்யூட்டுடையது அல்ல.

பரிகாரம், கம்பியையே கழற்றிவிடுவது. ப்ரோபின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை உருவினால், ஊசிக்குப் பின்னால் ஒரு உலோக வளையம் தெரியும். அதில் ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பியைச் சுற்றி, ஒரு சென்டிமீட்டருக்குள் கிரவுண்டைத் தொடும்படி வளைத்துக்கொள்ளுங்கள். இன்டக்டன்ஸ் 10 நானோஹென்ரியாகக் குறைந்து, ஆட்டம் 500 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 475ஆல் அதைக் காட்ட முடியாது. செலவில்லாத இந்த மாற்றம், இன்னும் வேகமான கருவி வாங்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கட்சி.

ப்ரோபின் மற்ற தொல்லையும் இந்த 10 பிகோஃபாரட்தான். பெட்டியில் ‘10 மெகா ஓம்’ என்று எழுதியிருப்பதால், ப்ரோப் சர்க்யூட்டைத் தொந்தரவே செய்யாது என்று நினைக்கிறோம். டிசியில் அது உண்மை. 100 மெகாஹெர்ட்ஸில் 10 பிகோஃபாரட் என்பது 160 ஓம் மட்டுமே. 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும் ஒரு சிக்னலில் ப்ரோபை வைத்தால், வைத்த மாத்திரத்திலேயே அந்தப் புள்ளியின் ரைஸ் டைம் 22 நானோ நொடியாகிவிடும். ப்ரோபின் சுவிட்சை 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் நிலை) வைத்தால் நிலைமை படுமோசம். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் முழுவதும் சர்க்யூட்டின் தலையில் ஏறும். பேண்ட்வித் பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் சுருங்கும். வேகமான வேலையில் அந்த சுவிட்சை, சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும் 10எக்ஸிலேயே விட்டுவிடுங்கள். கருவியின் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் வைத்து, தலை தட்டையாகும்வரை ப்ரோபில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருகும் வேலையையும் மறக்காமல் செய்யுங்கள்.

இன்னும் வேகமான சிக்னலுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு ப்ரோப் உண்டு. 50 ஓம் கோஆக்ஸியல் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் நடுக்கம்பியோடு 950 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, ரெசிஸ்டரின் மறுமுனையைச் சிக்னலிலும், கேபிளின் வலையைப் பக்கத்திலேயே கிரவுண்டிலும் பற்றவைக்க வேண்டும். மறுபக்கத்தில் கருவி 50 ஓம் உள்ளீட்டோடு இருக்க வேண்டும். இப்போது 950உம் 50உம் சேர்ந்து 20இல் ஒரு பங்கு சிக்னல் கிடைக்கும். 5 வோல்ட் சிக்னல் 250 மில்லிவோல்ட்டாக வரும். கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட் என்று வைத்தால் ஐந்து கட்டம். முனையின் கெப்பாசிட்டன்ஸ் ரெசிஸ்டருக்கே உரிய அரை பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும். 1,000 ஓம் சுமையாக 5 மில்லிஆம்பியர் இழுக்கும் என்பதுதான் விலை. லாஜிக் சிப்புக்கு அது பொருட்டே இல்லை. கடையில் 950 கிடைக்காவிட்டால் 1,000 ஓம் போடுங்கள், 21இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 50 ஓம் உள்ளீடு ஏன் அவசியம்? கேபிளில் சிக்னல் நானோ நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். ஒரு மீட்டர் கேபிளின் முடிவில் 1 மெகா ஓம் உள்ளீடு இருந்தால், வந்த அலை திறந்த முனையில் மோதித் திரும்பி ஓடும்; 5 நானோ நொடியில் தொடங்கிய முனைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே பொருத்தமில்லாவிட்டால் மறுபடி திரும்பும். திரையில் படிக்கட்டுகளும் ஆட்டமும் தெரியும். 50 ஓம் வந்தால் அலை அதில் அடங்கிவிடும். டெக்ட்ரானிக்ஸ் 485 (350 மெகாஹெர்ட்ஸ்) போன்றவற்றில் இது ஒரு சுவிட்சாகவே இருக்கிறது. 475இல் இல்லை, கேபிளுக்கும் கருவிக்கும் நடுவே 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்றை மாட்ட வேண்டும். அப்போதும் கருவியின் உள்ளே இருக்கும் 20 பிகோஃபாரட் போகாது. கேபிளின் 50 ஓமும் டெர்மினேட்டரின் 50 ஓமும் இணையாக நின்று தரும் 25 ஓமோடு சேர்ந்து அது 1.1 நானோ நொடி ரைஸ் டைமைத் தன் பங்குக்குச் சேர்க்கும். 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கருவிகளில் 50 ஓமை உள்ளேயே வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரு எச்சரிக்கை: 50 ஓம் நிலையில் அதிக வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் எரியும். 12 வோல்ட் சப்ளையைத் தொடும் முன் சுவிட்சைப் பாருங்கள்.

கருவியையே அளப்பது

ஐம்பது வயதான கருவியின் முகப்பில் 200 மெகாஹெர்ட்ஸ் என்று இருப்பது அது பிறந்தபோது சொன்ன வார்த்தை. இப்போது எவ்வளவு என்று தெரிய, கருவியைவிட நான்கைந்து மடங்கு வேகமான விளிம்பு ஒன்று வேண்டும். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் இருந்த ஜிம் வில்லியம்ஸ் 1991இல் வெளியிட்ட எளிய சர்க்யூட் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். 2என்2369 என்ற சாதாரண சுவிட்சிங் டிரான்சிஸ்டருக்கு 90 வோல்ட் அளவில் கொடுத்து, அதை அவலாஞ்ச் நிலையில், அதாவது மின்னோட்டம் திடீரெனப் பெருகிப் பாயும்படி, உடைய வைப்பார். உடையும்போது கிடைக்கும் துடிப்பு 350 பிகோ நொடியில் ஏறும். அதை 475இல் பார்த்தால் கணக்குப்படி 1.78 நானோ நொடி தெரிய வேண்டும். கிட்டத்தட்ட முழுவதும் கருவியுடையது. 2.2 தெரிந்தால் உங்கள் கருவி 160 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிட்டது. அது குறையொன்றுமில்லை, இனி கழித்தல் கணக்கில் 1.75க்குப் பதில் 2.2ஐப் போடுங்கள். எல்லா டிரான்சிஸ்டரும் உடையாது. சிலவற்றை மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

ஓட்டத்தை ஏமாற்றும் முறை

1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள்? 7104 வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1960ஐ ஒட்டி, ஹியூலெட் பேக்கார்டும் டெக்ட்ரானிக்ஸும் சாம்பிளிங் கருவிகளைச் செய்யத் தொடங்கியிருந்தன. ஒருவர் தினமும் அதே பாட்டை அதே நேரத்தில் பாடுகிறார், நமக்கு ஒரு நாளைக்கு ஓர் எழுத்துதான் காதில் விழும் என்றால், முதல் நாள் முதல் எழுத்து, மறுநாள் இரண்டாவது என்று கேட்டுச் சேர்த்தால் ஒரு நாள் முழுப் பாட்டும் கைக்கு வந்துவிடும். இந்தக் கருவிகளும் இப்படித்தான். சிக்னல் ஒவ்வொரு முறை வரும்போதும் சில டயோடுகள் மிகக் குறுகிய நேரம் திறந்து மூடி, அந்தக் கணத்தின் வோல்ட்டை மட்டும் பிடித்து வைக்கும். அடுத்த முறை சில பிகோ நொடி தள்ளித் திறக்கும். இப்படிப் பிடித்த புள்ளிகளைச் சாதாரண மெதுவான குழாயில் வரிசையாக வைத்தால் அலை உருவாகிவிடும். வேகமாக இருக்க வேண்டியது அந்த டயோடு வாசல் மட்டுமே. டெக்ட்ரானிக்ஸின் எஸ்-4 என்ற சாம்பிளிங் தலையின் ரைஸ் டைம் 25 பிகோ நொடி. 1960களின் தொழில்நுட்பத்தில் வேர்விட்ட பெட்டி ஒன்று, இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளைவிட வேகமான விளிம்பைக் காட்டுகிறது.

நிபந்தனைகள் கடுமையானவை. சிக்னல் திரும்பத் திரும்ப அச்சு அசலாக அதே வடிவில் வர வேண்டும். விளிம்புக்குச் சற்று முன்னாலேயே கருவிக்கு ட்ரிக்கர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் டிலே லைன் தேவை. உள்ளீட்டில் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. ஐந்து வோல்ட் தாண்டினாலோ, கம்பளத்தில் நடந்து வந்த கையால் கேபிளின் முனையைத் தொட்டாலோ அந்த டயோடுகளுக்கு அதுதான் கடைசி. மாட்டும் முன் கேபிளின் நடுக்கம்பியைக் கிரவுண்டில் ஒரு முறை தொடவைத்து மின்னூட்டத்தை இறக்கிவிடுவது பழக்கமாக வேண்டும்.

வாங்கலாமா

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் டிஜிட்டலை வாங்குங்கள். எப்போதோ ஒரு முறை வரும் துடிப்பைப் பிடித்து நிறுத்தி வைக்க சாதாரண அனலாக் கருவியால் முடியாது. மேஜையில் இரண்டாவதாக ஒன்றுக்கு இடமிருந்தால் 100இலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பழைய அனலாக் நல்ல தோழன். சிக்னலில் நூறில் ஒரு முறை மட்டும் தள்ளி வரும் விளிம்பு அதில் மங்கலான நிழலாகத் தெரியும். எது அடிக்கடி வருகிறது, எது அபூர்வம் என்பதை வெளிச்சமே சொல்லிவிடும். மலிவான டிஜிட்டல் கருவிகளில், சிக்னலில் இல்லாத போலி அலைகளும் சில சமயம் உருவாகும். இங்கே அந்தப் பயமில்லை.

வாங்கும்போது மூடியைத் திறக்காமலேயே பலவற்றைப் பார்க்கலாம். கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று வைக்கும் செங்குத்து சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை வைத்துப் பாருங்கள். சுவிட்சைத் தொட்டால் உயரம் மாறுகிறது என்றால் தொடுமுனைகளில் அழுக்கு, சுத்தம் செய்தால் சரியாகும். ஸ்வீப்பை மிக வேகத்துக்குக் கொண்டுபோய் ட்ரிக்கர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், அந்தக் காலத்துப் பல கருவிகளின் ட்ரிக்கரில் இருந்த டனல் டயோடு சோர்ந்திருக்கலாம். அதற்கு மாற்று கிடைப்பது அரிது. பவரே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சப்ளையில் இருக்கும் பழைய டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது மிகச் சாதாரணம், மாற்றவும் எளிது. மங்கிய குழாயையும், கம்பெனியே தனக்கெனச் செய்துகொண்ட ஐசிக்களையும்தான் மாற்ற முடியாது.

உள்ளே கை வைப்பவர்களுக்கு: குழாயின் பக்கவாட்டில் செருகியிருக்கும் தடித்த ஒயரில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பவரை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மெயின்ஸ் சர்க்யூட்டை அளப்பதற்காகக் கருவியின் எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்தால் நீங்கள் தொடும் உலோக முகப்பு முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடக்கூடும். அந்த அளவீடு வேண்டுமென்றால் இரண்டு ப்ரோபை மாட்டி, இரண்டாம் சேனலைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டும் சுவிட்சைப் போடுங்கள். இந்த வசதி 1970களின் எல்லா நல்ல இரட்டைச் சேனல் கருவியிலும் இருக்கிறது.